சாம்பியன் ஊருக்கே அணி இல்லை: அமெரிக்கன் ஹாக்கி லீகின் ஆளுநர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆளுநர் குழு உறுப்பினர்களுக்கு,

வட அமெரிக்காவின் உச்சப் பனி ஹாக்கி லீகான என்எச்எல்லுக்கு வீரர்களை வளர்த்துத் தரும் இரண்டாம் படி உங்கள் லீக்; மேலே இருக்கும் என்எச்எல் அணிதான் இங்கே ஆடும் அணிக்குத் தாய் அணி. 2015 ஜனவரி 29 அன்று, சீசன் பாதி ஓடிக்கொண்டிருந்தபோது, கலிஃபோர்னியாவில் ஐந்து அணிகளோடு பசிபிக் பிரிவு தொடங்கும் என்று அறிவித்தீர்கள். அந்த ஐந்து இடங்களும் மான்செஸ்டர், வூஸ்டர், நார்ஃபோக், கிளென்ஸ் ஃபால்ஸ், ஓக்லஹோமா சிட்டி ஆகிய ஊர்களிடமிருந்து போயின. மீதி ஆட்டங்களை அந்த ஊர்க்காரர்கள் பார்த்த நிலை, வீட்டைக் காலி செய்யச் சொன்ன பிறகும் வாடகை கட்டிக் குடியிருப்பவரின் நிலை. இதில் மான்செஸ்டர் மோனார்க்ஸ் அந்த ஜூனிலேயே உங்கள் லீகின் சாம்பியனுக்கான கால்டர் கோப்பையை வென்றது. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே அந்த ஊர் ஒரு படி கீழே இருக்கும் இசிஎச்எல் என்ற லீகுக்கு இறக்கப்பட்டது. 2019ல் அந்த அணியும் மூடப்பட்டது.

பழைய கணக்கைக் கிளறுவது எங்கள் நோக்கம் இல்லை. இளம் வீரர்கள் தாய் அணிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் காலைப் பயிற்சியில் ஒருவருக்கு அடிபட்டால், மோனார்க்ஸ் போய்ச் சேர்ந்த கலிஃபோர்னியாவின் ஆன்டாரியோவிலிருந்து மாற்று ஆள் காரிலேயே மாலை ஆட்டத்துக்கு வந்து சேரலாம். பழைய ஊரான நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டரிலிருந்து என்றால் கண்டத்தைக் கடக்க வேண்டும். இது புரிகிறது. அதற்குப் பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அதே பாணியில் அணிகள் ஊர் விட்டு ஊர் பெயர்வதும், ஒவ்வொரு முறையும் டிக்கெட் வாங்கியவருக்கே கடைசியில் தெரிவதும், இதை ஒழுங்குபடுத்தும் விதி ஒன்று இருப்பதாக எங்கள் கண்ணில் இதுவரை படாததும்தான் புரியவில்லை.

முதலில் மேசையைச் சுற்றி யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். 32 அணிகள், அணிக்கு ஒரு ஆளுநர். அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை என்எச்எல் தாய் அணிகளின் சொந்தச் சொத்து. தாய் அணிக்கு இது பட்டறை. பட்டறை எந்த ஊரில் இருக்கிறது, அந்த ஊரில் மூவாயிரம் பேர் ஆறு மாதத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டியிருக்கிறார்களா என்பதெல்லாம் பட்டறை முதலாளிக்கு இரண்டாம் பட்சம். அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. அவருடைய வருமானம் மேல் லீகில் இருக்கிறது. ஆனால் டிக்கெட், தீனி, பார்க்கிங் பணத்தில் மட்டுமே ஓடும் தனி உரிமையாளர்களும் அதே மேசையில் இருக்கிறார்கள். இரு தரப்புக்கும் நலன் வேறு. வாக்கு எண்ணிக்கையில் யார் ஜெயிப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தாய் அணிகள் கேட்டால் எவ்வளவு வேகமாக விதி மாறும் என்பதற்கு அட்டவணையே சாட்சி. கலிஃபோர்னியா அணிகளுக்குப் பயிற்சி நாள் அதிகம் வேண்டும் என்றார்கள். 2015–16 சீசனில் அவர்களுக்கு 68 ஆட்டம், மற்றவர்களுக்கு 76. ஒரே லீக், ஒரே கோப்பை, இரண்டு அளவுகோல். புள்ளிகளை வைத்து வரிசைப்படுத்த முடியாமல் போனதால் புள்ளி விகிதம் வந்தது: எடுத்த புள்ளியை, ஆட்டத்துக்கு இரண்டு வீதம் எடுக்கக்கூடிய மொத்தப் புள்ளியால் வகுப்பது. 68 ஆட்டத்தில் 90 புள்ளி எடுத்தால் 0.662. 76 ஆட்டத்தில் 98 புள்ளி எடுத்தால் 0.645. எட்டுப் புள்ளி கூடுதலாக எடுத்த அணி கீழே. கணக்குப்படி சரிதான், ஆனால் பக்கத்து இருக்கையில் இருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு இதை விளக்கிப் பாருங்கள். சாதாரணமாக நான்கு நாளில் மூன்று ஆட்டம் ஆடும் அணிக்கும், ஆட்டத்துக்கு ஆட்டம் ஓய்வும் பயிற்சியும் கிடைக்கும் அணிக்கும் விகிதம் ஒன்றையே வைத்து ஒப்பிடுவது எந்த ஊர் நியாயம்? 2022–23ல்தான் எல்லோருக்கும் 72 என்று ஆனது. சமமாக்க இத்தனை ஆண்டு. வேறுபடுத்த ஒரே ஒரு கோடை போதுமாக இருந்தது.

"பக்கத்தில் இருக்க வேண்டும்" என்ற வாதம் எவ்வளவு நாள் நிற்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். உங்கள் தலைமையகம் இருக்கும் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டிலேயே நடந்த கதை இது. 2016ல் ஏரிசோனா கயோட்டீஸ் ஸ்பிரிங்ஃபீல்ட் ஃபால்கன்ஸின் உரிமத்தை (லீகில் அணி நடத்தும் உரிமையை) வாங்கி டூசானுக்குக் கொண்டுபோனது. தாய் அணிக்குப் பக்கம் என்பதே காரணம். எட்டே ஆண்டில், 2024ல், தாய் அணியே ஏரிசோனாவை விட்டு யூட்டாவுக்குப் போய்விட்டது. இன்று டூசானுக்கும் சால்ட் லேக் சிட்டிக்கும் இடையே சாலை வழியே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். பிள்ளை அம்மா வீட்டுப் பக்கத்தில் குடிவந்தது. அம்மா வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஸ்பிரிங்ஃபீல்ட் ஏன் இன்றும் ஹாக்கி ஊராக இருக்கிறது? உள்ளூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து மெய்ன் மாநிலத்தின் போர்ட்லண்ட் பைரட்ஸ் உரிமத்தை வாங்கி, அதே 2016ல் தண்டர்பேர்ட்ஸ் என்று பெயர் வைத்து ஆடவைத்தார்கள். ஆளுநர்களே, இதைப் பாராட்டும்போது போர்ட்லண்டை மறந்துவிடாதீர்கள். ஒரு ஊரின் காயத்துக்கு இன்னொரு ஊரின் தோலை உரித்து ஒட்டியதுதான் நடந்தது. போர்ட்லண்டுக்கு மறுபடி ஒரு தொழில்முறை அணி வர 2018 ஆனது, அதுவும் இசிஎச்எல்லில்.

செயின்ட் ஜான்ஸ் நிலைமை இன்னும் மோசம். (1986ல் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத் தமிழரை மீனவர்கள் கரைசேர்த்த, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவின் தலைநகர்தான் இது. டொரொண்டோப் பக்கம் இருக்கும் நம்மவர்கள் மார்லீஸ் ஆட்டத்துக்குப் போகும்போது நினைத்துக்கொள்ளலாம்: அந்த மார்லீஸ் 2005 வரை செயின்ட் ஜான்ஸ் மேப்பிள் லீஃப்ஸ்.) 2005ல் அணி டொரொண்டோவுக்குப் போனது. 2011ல் ஐஸ்கேப்ஸ் வந்தது, 2017ல் லவாலுக்குப் போனது. 2018ல் இசிஎச்எல்லில் குரோலர்ஸ் வந்து முதல் சீசனிலேயே அந்த லீகின் சாம்பியனுக்கான கெல்லி கோப்பையை வென்றது. 2024 ஏப்ரல் 2 அன்று அந்த அணியின் உறுப்புரிமையையே இசிஎச்எல் ரத்து செய்தது. சீசன் முடியச் சில நாள் இருக்கும்போது மீதி ஆட்டங்கள் காணாமல் போயின. கடைசி முடிவு உங்களுடையது இல்லை என்பது தெரியும். ஆனால் முதல் இரண்டு முறை அந்தத் தீவைக் கைவிட்டது உங்கள் லீக்தான். நீங்கள் காலி செய்யும் ஊர் கீழ்ப்படியில் இருக்கும் லீகுகளின் தலையில் விழுகிறது, அங்கே உரிமையாளரின் கைக்காசு இன்னும் மெலிந்தது.

பிங்ஹாம்டனும் அப்படித்தான்: 2017ல் செனட்டர்ஸ் பெல்வில்லுக்குப் போய் டெவில்ஸ் வந்தது, 2021ல் அதுவும் யூட்டிகாவுக்குப் போனது. ஸ்டாக்டனில் 2015ல் நீங்கள் நுழைந்ததற்காக அங்கே பத்து ஆண்டாக ஆடிய இசிஎச்எல் அணி இடம்பெயர்ந்தது. ஏழாவது ஆண்டில் நீங்களும் கல்கரிக்குக் கிளம்பிவிட்டீர்கள்.

தனி உரிமையாளர்கள் பக்கம் வருவோம். ஹெர்ஷி பேர்ஸ் 1938லிருந்து ஒரே ஊரில் ஆடுகிறது. 13 கோப்பை. உரிமையாளர் உள்ளூர் நிறுவனம், அரங்கமும் அவர்கள் கையில், பொழுதுபோக்குப் பூங்காவும் அவர்கள் கையில். அங்கே தாய் அணி மாறினால் வீரர்கள் மாறுவார்கள், அணி அசையாது. இந்த லீகின் மிக வெற்றிகரமான வீடு சொந்த வீடாக இருப்பது தற்செயல் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் தனி உரிமையாளராக இருப்பதற்கு ஒரு விலையும் உண்டு. 2020–21ல் பார்வையாளர் இல்லாமல் ஆட வேண்டும் என்றபோது விலகி நின்ற மூன்று அணிகள் சார்லட், மில்வாக்கி, ஸ்பிரிங்ஃபீல்ட். வாசலில் பணம் வராவிட்டால் அவர்களுக்கு வேறு வாசல் இல்லை. ஷிகாகோ வுல்வ்ஸ் 2022ல் கோப்பை வென்று, அடுத்த ஆண்டே தாய் அணியான கரோலினாவோடு உறவை முறித்து, 2023–24 சீசனைத் தாய் அணியே இல்லாமல் ஆடியது. சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபுக்குப் போக முடியவில்லை. 2024ல் அதே கரோலினாவோடு மறுபடி கைகோத்தது. அந்த ஒரு ஆண்டில் தெரிந்தது இதுதான்: எதிரில் நிற்கும் 31 அணிகளுக்கும் தாய் அணி சம்பளத்தில் என்எச்எல் ஆண்டுத் தேர்வின் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்ட வீரர்கள் வரும்போது, ஒற்றை ஆளாகச் சந்தையில் ஆள் பிடித்து ஜெயிப்பது மிகக் கடினம். தனித்து நிற்கலாம் என்று விதி சொல்கிறது. லீகின் அமைப்பு விடுவதில்லை.

இனி அட்டவணை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் டிக்கெட் வாங்குபவர் கையில் கடைசியாக வந்து சேரும் பொருள் இது.

72 ஆட்டத்தில் 36 உள்ளூரில். அக்டோபர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை வார இறுதிகள் 26, 27தான். வெள்ளி, சனியில் கூட்டம் வரும். ஞாயிறு பிற்பகல் குடும்பங்கள் வரும். செவ்வாய், புதனில் பாதி இருக்கை காலி. அதனால் ஒவ்வொரு அணியும் வெள்ளி, சனியையே கேட்கிறது. அதே வெள்ளி, சனியை இசை நிகழ்ச்சிக்காரரும் கேட்கிறார், பனிச்சறுக்கு நடனக் குழுவும் கேட்கிறது, கல்லூரிக் கூடைப்பந்து அணியும் கேட்கிறது. அரங்கம் அணிக்குச் சொந்தமில்லாத ஊரில் ஹாக்கிக்குக் கிடைப்பது மிச்சம் மீதி. அந்த மிச்சத்தை எல்லா அணிகளிடமிருந்தும் வாங்கிக் கோத்துத்தான் உங்கள் அலுவலகம் அட்டவணை போடுகிறது. வெளியூர் அணியின் பயணச் செலவு அதனுடையதே என்பதால், ஒரே பயணத்தில் முடிந்த அளவு ஆட்டத்தை அடைக்கவே கணக்காளர் விரும்புவார். விளைவு, மூன்று நாளில் மூன்று ஆட்டம்.

முன்பைவிட இது குறைந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஊர்கள் அடுத்தடுத்து இருக்கும் கிழக்கில் இன்னும் இருக்கிறது. ஹார்ட்ஃபர்டுக்கும் ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர்தான். விடுதிச் செலவே இல்லை என்பதால் அட்டவணை போடுபவருக்குக் கை அரிக்கும். மேற்கில் விமானம் ஏற வேண்டும் என்பதால் ஒரே ஊரில் ஒரே எதிரணியோடு வெள்ளி, சனி என்று இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்புகிறார்கள். ஆக, ஒரே லீகில் களைப்பும் பிரிவுவாரியாகப் பங்கிடப்படுகிறது.

அந்த மூன்றாவது ஆட்டம் உள்ளே எப்படி இருக்கும் என்பதை ஆளுநர்களில் எத்தனை பேர் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. சனி இரவு ஏழு மணி ஆட்டம் ஒன்பதரைக்கு மேல் முடியும். குளித்து, சாமான் ஏற்றி, பேருந்து கிளம்பப் பதினொன்று ஆகும். இரண்டு மணி நேரப் பயணம் என்றாலும் அடுத்த அரங்கத்தின் பின்வாசலில் இறங்கும்போது இரவு ஒன்று. வீரர்கள் தூங்கப் போகலாம். உபகரணப் பொறுப்பாளர் போக முடியாது. இருபது பேரின் ஈரப் பைகளைத் திறந்து, தோள்பட்டைக் காப்பு, முழங்கைக் காப்பு, பேன்ட் எல்லாவற்றையும் தொங்கவிட்டு, மின்விசிறி வைத்து, உள்ளாடைகளைத் துவைக்கப் போட்டு, இருபது ஜோடி ஸ்கேட்டையும் சாணை பிடிக்க உட்கார வேண்டும். மூன்று மணி ஆட்டம் என்றால் பகல் பன்னிரண்டுக்கெல்லாம் வீரர்கள் உள்ளே வந்துவிடுவார்கள். பதினொரு மணி நேரத்தில் மேல்துணி காயும். கையுறையின் உள்ளங்கையும் ஸ்கேட்டின் உள்பூட்டும் காயாது. ஈரக் கையுறையில் ஸ்டிக்கின் பிடி நழுவும், தோல் உரியும். மாற்று ஜோடி இரண்டு நாளுக்கு ஈடுகொடுக்கும், மூன்றாம் நாள் அதுவும் ஈரம்.

பிறகு ஆட்டம். வழக்கமாக ஒரு வரிசை வீரர்கள் 40, 45 வினாடி ஓடிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் பகுதியில் அது ஒரு நிமிடத்தைத் தாண்டும். மாற்றுவதற்குப் பெஞ்சுவரை வரும் தெம்பு இருக்காது. கால் நகராதபோது ஸ்டிக்கை நீட்டிக் கொக்கி போடுவார்கள், அதனால் தண்டனை நிமிடங்கள் கூடும். கோல்கீப்பரில் முதல் ஆள் வெள்ளியும் சனியும் நின்றிருந்தால் ஞாயிறு இரண்டாம் ஆள்தான். இதற்கிடையில் சனி மாலை தாய் அணியில் ஒருவருக்கு அடிபட்டால் இங்கிருந்து ஒருவர் மேலே போவார். அந்த ஓட்டையை அடைக்க 25 ஆட்டச் சோதனை ஒப்பந்தத்தில் இசிஎச்எல்லிலிருந்து ஒருவர் இரவோடு இரவாக வருவார், அங்கே ஓட்டை விழும். குடும்பத்தோடு ஞாயிறு டிக்கெட் வாங்கியவர் வெள்ளிக்கிழமை ஆட்டத்தின் விலையையே கொடுத்திருக்கிறார்.

பனித்தளமும் சோர்ந்து போவதுண்டு. சனி இரவு கச்சேரி, ஞாயிறு ஹாக்கி என்றால், மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்ட பனியின் மேல் காப்புப் பலகைகளை அடுக்கி மேடை போடுவார்கள். ஆயிரக்கணக்கானோரின் உடல் சூட்டில் பலகை இணைப்புகளுக்குக் கீழே பனி இளகும், அழுக்கு இறங்கும். இரவு முழுக்கப் பலகையை எடுத்து, கண்ணாடித் தடுப்பைத் திரும்ப மாட்டி, மேற்பரப்பைச் சீவி, மெல்லிய நீர்ப்படலம் மாற்றி மாற்றிப் போட்டு உறையவைக்க வேண்டும். அவசரத்தில் தடிமனாக ஒரே முறை நீர் விட்டால் அடியில் உறைந்தும் மேலே உறையாமலும் நிற்கும். அதில் பக் வழுக்காது, துள்ளும். ஸ்கேட் முனை வாரும். வீரர் வளர்ச்சிக்கான லீக் என்று சொல்லிக்கொண்டு, மூன்றாம் நாள் காலும் இரண்டாந்தரப் பனியுமாக எதை வளர்க்கிறீர்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

எதிரணிகளின் பட்டியல் இன்னொரு சலிப்பு. பக்கத்து ஊர் அணியை ஒரே சீசனில் பத்துப் பன்னிரண்டு முறை பார்க்க நேர்கிறது. முதல் நான்கு முறை பகை சூடாக இருக்கும். ஒன்பதாவது முறை இரு அணிகளின் ஆட்டத் திட்டமும் பார்வையாளருக்கே மனப்பாடம். அதே நேரம் சொந்தப் பாதி லீகிலேயே சில அணிகள் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. கிழக்கில் அட்லாண்டிக், வடக்கு என்ற இரு பிரிவிலும் சேர்த்து 15 அணிகள். ஒவ்வொருவரும் மற்ற 14 பேரையும் உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று சந்தித்தால் 28 ஆட்டம்தான். பக்கத்து ஊர்ப் பகைக்கு அதற்கு மேலும் 44 மிச்சம். பெரும்பாலும் பேருந்துத் தூரம்.

பிளேஆஃபைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 32ல் 23 அணிகள் தகுதி பெறுகின்றன. ஆறு மாதம் 72 ஆட்டம் ஆடி ஒன்பது அணிகளை மட்டும் கழிக்கிறோம். பிறகு 14 அணிகளை மூன்று ஆட்டத் தொடரில் மோதவிட்டு இரண்டு, மூன்று இரவில் ஏழு அணிகளைக் கழிக்கிறோம். தூரம் அதிகமென்றால் மூன்று ஆட்டமும் மேலிடத்தில் முடித்த அணியின் ஊரிலேயே நடந்ததுண்டு. கீழிடத்தில் முடித்த அணியின் ஊருக்கு "பிளேஆஃப் சென்றோம்" என்ற பதாகை மட்டும் கிடைக்கும், ஒரு ஆட்டம்கூடக் கிடைக்காது.

இப்போது எங்கள் கோரிக்கைகள்.

இடமாற்றத்துக்கு அறிவிப்புக் காலம் வேண்டும். அணி ஒரு ஊரைவிட்டுப் போவதானால் முழுதாக ஒரு சீசனுக்கு முன் அறிவிக்க வேண்டும், அக்டோபருக்கும் கோப்பை முடிவதற்கும் இடையில் அறிவிக்கக் கூடாது. அப்படி ஒரு விதி உங்கள் சட்டதிட்டத்தில் ஏற்கெனவே இருந்தால் அதை வெளியிடுங்கள். இடமாற்ற விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வந்த நாளிலிருந்து, முடிவு தெரியும்வரை அந்த அணி அடுத்த சீசனுக்கான டிக்கெட்டைப் புதுப்பிக்கப் பணம் வாங்கக் கூடாது. புதுப்பிப்புப் படிவம் குளிர்காலத்திலேயே வந்துவிடுகிறது. போகப்போவது தெரிந்தே முன்பணம் வாங்குவதற்கு வேறு பெயர் உண்டு.

போவதற்கு முன் உள்ளூருக்கு முதல் உரிமை கொடுங்கள். 90 நாள் போதும். அந்தக் காலத்தில் ஊர்க்காரர்கள் சேர்ந்து உரிமத்தை அதே விலைக்கு வாங்க முன்வந்தால் அதை ஆளுநர் குழு முதலில் பரிசீலிக்க வேண்டும். 2016ல் ஸ்பிரிங்ஃபீல்ட் இதை அடித்துப்பிடித்துச் செய்து காட்டியது. அதையே ஒழுங்கான நடைமுறையாக்கச் சொல்கிறோம். தாய் அணிக்கே சொந்தமான உரிமம் என்றால், வெளியேறும்போது ஒரு வைப்புத்தொகை கட்டட்டும். சீசன் டிக்கெட் பாக்கி, வேலை இழக்கும் அலுவலகப் பணியாளரின் மூன்று மாதச் சம்பளம், நகராட்சி அரங்கத்தின் குத்தகை பாக்கி ஆகியவை அதிலிருந்து தீர்க்கப்படட்டும்.

ஒவ்வொரு அணியின் பக்கத்திலும் மூன்று தகவல் நிரந்தரமாக இருக்கட்டும்: உரிமையாளர் யார், அரங்கக் குத்தகை எந்த ஆண்டு முடிகிறது, தாய் அணி ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது. டிக்கெட் வாங்குபவர் அதைப் பார்த்து முடிவெடுக்கட்டும்.

அட்டவணையில், மூன்று நாளில் மூன்று ஆட்டம் ஒரு அணிக்கு ஒரு சீசனில் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். வரும்போது மூன்றாவது ஆட்டம் முந்தைய ஊரிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும், மாலை ஐந்துக்கு முன் தொடங்க வேண்டாம். அந்த இரண்டு மணி நேரத்தில் கையுறை காயும். நாள் போதவில்லை என்பீர்கள். சீசனை ஒரு வாரம் நீட்டலாம். இல்லையென்றால் எல்லோருக்கும் 68 ஆட்டம் என்று வையுங்கள். 68 போதும் என்று தாய் அணிகளே ஒரு காலத்தில் வாதாடி வாங்கியது நினைவிருக்கும். உள்ளூரில் இரண்டு ஆட்டம் குறையும். அந்த வருமான இழப்பைத் தனி உரிமையாளர் மட்டும் சுமக்காதபடி தாய் அணிகள் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

கச்சேரி முடிந்த மறுநாள் பகல் ஆட்டம் வைப்பதைத் தடை செய்யுங்கள். மாலை ஆட்டம் என்றால் பனி ஆய்வு காலையிலேயே நடக்கட்டும், அதன் முடிவு இரு அணிகளின் பயிற்சியாளருக்கும் போகட்டும்.

கிழக்கில் எல்லா அணியும் எல்லா அணியையும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது சந்திக்க வேண்டும். மேற்கில் விமானச் செலவு பெரிது என்பதால் இரண்டு ஆண்டுச் சுழற்சியில் செய்தால் போதும். பிளேஆஃபின் முதல் சுற்றில் ஒரு ஆட்டமாவது கீழிடத்தில் முடித்த அணியின் ஊரில் நடக்க வேண்டும். அந்த ஆட்டத்தை முதலில் வைத்துவிட்டால் பயணமும் ஒரே தடவைதான்.

கடைசியாக, மேசையில் இரண்டு நாற்காலி. ஒன்று வீரர் சங்கத்துக்கு, ஒன்று சீசன் டிக்கெட் வைத்திருப்போரின் பிரதிநிதிக்கு. வாக்கு வேண்டாம். இடமாற்றமும் அட்டவணையும் பேசப்படும் நேரத்தில் அறைக்குள் இருந்து, கேள்வி கேட்டு, பதிலைக் குறிப்பேட்டில் பதியவைக்கும் உரிமை போதும்.

ஜூலை ஆண்டுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இவற்றில் எதைச் சேர்த்தீர்கள், எதைத் தள்ளினீர்கள், என்ன காரணத்துக்காக என்பதை, புதிய சீசனின் அட்டவணை வெளியிடும் அதே நாளில் எழுத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சீசன் டிக்கெட் வாங்கும் பார்வையாளர்கள் சிலர்